ஒன்பதாவது எபிசோடில் ஆறு விரல்

மார்ச் 2

டேய் குச்சி,

உங்கள் கம்பெனி ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஃபோனைக் கையில் கொடுக்கிறது என்றால் அந்த ஒரு மணி நேரமும் அம்மாவுடையது. "சாப்டியா, தூங்குனியா, சளி போச்சா" என்ற மூன்று கேள்வியையும் அவள் முப்பது விதமாகக் கேட்டு முடிப்பதற்குள் அங்கே ஃபோனைப் பிடுங்கி டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். போன வாரம் என் கைக்கு வந்தபோது நீ "அக்கா" என்றாய். நான் "ம்" என்றேன். லைன் போய்விட்டது. அதனால்தான் இந்தக் காலத்தில் உட்கார்ந்து தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். தபால் ஆபீஸ் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "ஸ்டாம்பா? சேர்க்கிறியாம்மா?" என்று கேட்டாள்.

அப்பா அப்படியேதான் இருக்கிறார். யாராவது உன்னைப் பற்றி விசாரித்தால் "வெளியூர்ல கம்ப்யூட்டர் வேலை" என்கிறார். படம் வரையப் போனான் என்று சொல்ல அவருக்கு இன்னும் வாய் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பல் டாக்டர் கிளினிக்கின் வரவேற்பு மேசை புத்தகம் படிக்கவென்றே செய்த இடம். உள்ளே ஒருவர் வாயைப் பிளந்து கிடக்கிறார். வெளியே ஐந்தாறு பேர் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். யாராலும் பேச முடியாது. எந்த நூலகத்தில் இவ்வளவு அமைதி உண்டு? மடியில் ஒளித்து வைத்து இந்த வாரம் ஒரு நாவல் முடித்தேன். பஸ் டிப்போவில் தொலைந்த பொருட்கள் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணின் கதை. குடை, டிபன் டப்பா, ஒற்றைச் செருப்பு, யாருடையதோ எக்ஸ்ரே. எழுதியவருக்குப் பொருட்களைப் பார்க்கத் தெரிகிறது. பாதி வரைக்கும் மூச்சுவிடாமல் படித்தேன். அப்புறம் தொலைந்த குடையைத் தேடி ஓர் ஆண் வருகிறான். அதோடு நாவல் அந்தக் குடைக்குள் போய்விட்டது. அந்த அறையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வரி கிடையாது. அவள் ராஜினாமா கூடக் கொடுக்காமல் வேலையை விட்டுவிட்டாள் போலிருக்கிறது. மாசச் சம்பளம் யார் தருகிறார்கள் என்று எழுத்தாளருக்குக் கவலையே இல்லை.

ஆனால் உனக்கு எழுத வேண்டும் என்று கை அரித்தது ஓர் அனிமே கார்ட்டூன் தொடருக்காக. பெயர் 'மூழ்கும் மாடிகள்'. ஓர் உயரமான கட்டடம், சுற்றிலும் தண்ணீர். வாரம் ஒரு மாடி மூழ்குகிறது. மேல்மாடிக்காரர்கள் கீழ்மாடிக்காரர்களை ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். நடுவில் லிஃப்ட் ஓட்டும் ஒரு சின்னப் பெண். அவளுக்கு அதிகாரம் எதுவும் இல்லை, ஒரு நெம்புகோல் மட்டும் இருக்கிறது. எல்லோரும் அவளைத்தான் திட்டுகிறார்கள். எனக்குப் புரியாதா அது? டாக்டர் தாமதமாக வந்தால் ஜனங்கள் என்னைத்தானே திட்டுகிறார்கள்!

நீ எந்தத் தொடருக்கு வரைகிறாய் என்று கேட்க மாட்டேன். வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், தெரியும். இந்த மாதிரி ஒன்றுக்கு வரைந்தால் மட்டும் சொல். காலில் விழுகிறேன்.

அக்கா

மார்ச் 10

அக்கா,

உறை மேல் குச்சி என்று எழுதாதே. மேனேஜர் கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "யாருடா இங்க குச்சி?" என்று மாடியே அதிரக் கத்தினார். இப்போது எல்லோருக்கும் நான் குச்சி.

நீ நினைக்கிற மாதிரி இங்கே யாரும் கலை வளர்க்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு காட்சிக்கு இரண்டு படம் வரும். முதல் படத்தில் கை மேலே இருக்கும், அடுத்ததில் கீழே இருக்கும். மேலே இருந்த கை கீழே எப்படி வந்தது என்பதை நாங்கள் வரைய வேண்டும். நடுப்படம் என்போம். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் காகிதத்தின் மேல் காகிதம் வைத்து, நாள் பூரா மற்றவன் கோட்டுக்கு நடுவில் ஒரு கோடு. தாளுக்கு இவ்வளவு என்று கூலி. செங்கல் அடுக்குகிறவனுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், அவனுக்கு வெயில் கிடைக்கிறது.

கதை எங்களுக்குத் தெரியாது. ஒருவன் அழுகிறான். எதற்கு அழுகிறான்? யாருக்குத் தெரியும். கண்ணீர் எத்தனை படத்தில் தாடைக்கு வர வேண்டும் என்று எண் மட்டும் போட்டிருக்கும். முடிந்ததை யாரும் எங்களுக்குக் காட்டுவதில்லை. ஃபோனும் டப்பாவில். கட்டடம் கட்டியவன் அந்த வீட்டுக்குள் போக முடியாது இல்லையா, அதே கதைதான்.

பக்கத்து மேசைக்காரனைத் தாத்தா என்று கூப்பிடுகிறோம். வயது இருபத்தாறு. தலை பாதி நரைத்துவிட்டது. எங்கள் தாள்களைச் சரிபார்ப்பவன் அவன்தான், மிச்ச நேரத்தில் அவனும் வரைகிறான். உன் நாவல் கதையைச் சொன்னேன். "அந்த ஆளு குடையைத் தேடி வரலடா. எழுத்தாளரு முடிவைத் தேடிக்கிட்டு இருந்தாரு, அவரு அனுப்புன ஆளு அது" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அந்தப் பொண்ணுக்குக் காதல் வந்து வேலை போச்சு. எனக்கு வேலை வந்து காதல் போச்சு. கணக்கு சரியாப் போச்சுன்னு உங்க அக்காகிட்ட சொல்லு" என்றான்.

ஒன்று கேட்கிறேன். அந்த லிஃப்ட் தொடரைப் பற்றி விவரமாக எழுது. ஒவ்வொரு எபிசோடும். யார் எங்கே நிற்கிறார்கள், அவள் எதற்காக நெம்புகோலை இழுக்கிறாள், எதற்காகத் திரும்பிப் பார்க்கிறாள், எல்லாம். ஏன் என்று கேட்காதே.

தம்பி

மார்ச் 18

குச்சி (உறையின் மேல் இல்லை, உள்ளேதான்),

ஏன் என்று கேட்கவில்லை. நல்ல வேலையைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொள்ள ஆசை என்று எடுத்துக்கொள்கிறேன். இந்தப் புத்தி பாலிடெக்னிக்கில் வந்திருந்தால் அப்பா உன்னோடு பேசிக்கொண்டிருப்பார்.

ஆறாவது எபிசோடு. நாலாவது மாடியில் முழங்கால் வரை தண்ணீர். ஒரு தையல்காரி தன் மெஷினோடு லிஃப்டுக்கு முன்னால் நிற்கிறாள். லிஃப்ட் தாங்காது. "மெஷினை விட்டுட்டு ஏறுங்க" என்கிறாள் லிஃப்ட்காரப் பெண். "விட்டுட்டு மேல போயி என்ன பண்ணுவேன்? கை நீட்டவா?" என்கிறாள் தையல்காரி. இரண்டு பேர் சொல்வதும் நியாயம். பின்னால் நிற்பவர்கள் கத்துகிறார்கள். தையல்காரி மெஷினைக் கட்டிக்கொண்டு அப்படியே நிற்கிறாள், நகரவில்லை. கதவை மூடியாக வேண்டும்.

இப்போது கேள். அந்தப் பெண் நெம்புகோலைப் பிடிக்கிறாள். கையை மட்டும்தான் காட்டுகிறார்கள். மூன்று விரலும் கட்டைவிரலும் பிடித்துவிட்டன, சுண்டுவிரல் மட்டும் வெளியே நிற்கிறது. ஒரு நொடி இருக்குமா? அதற்குப் பிறகு அதுவும் மெல்ல வந்து மற்றவற்றோடு சேர்ந்துகொள்கிறது. லிஃப்ட் கிளம்புகிறது. வசனமும் இல்லை, பாட்டும் இல்லை. மனசு வராமல் ஒரு காரியம் செய்வது எப்படி இருக்கும் என்பதை ஒரு சுண்டுவிரலால் சொல்லிவிட்டார்கள். எத்தனையோ நாவலில் பத்துப் பக்கம் எழுதியும் வராதது இது. நான் மேசையிலேயே அழுதுவிட்டேன். எதிரில் இருந்த பெரியவர், "ரொம்ப வலிக்குதாம்மா? வேணும்னா நீ முன்னாடி உள்ள போயிடு" என்றார்.

இதைத்தான் என் பக்கத்திலும் எழுதினேன். 'காத்திருப்பு அறை' என்று இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேனே, படித்தது பார்த்ததையெல்லாம் எழுத. சில நூறு பேர் வருகிறார்கள். சிரிக்காதே. கிளினிக்கில் நான் சொல்வது "உட்காருங்க, கூப்பிடுறேன்". வீட்டில் சொல்வது "சரிம்மா". நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்கிற ஒரே இடம் அதுதான்.

உன் தாத்தாவிடம் சொல், அவர் சொன்னது பாதிதான் சரி. முடிவைத் தேடுவது எழுத்தாளர் உரிமை. அதற்கு ஒரு பெண்ணின் வேலையைப் பிடுங்குவதுதான் தப்பு. இன்னொரு புத்தகம் இதோடு வைத்திருக்கிறேன், ஐஸ் ஃபாக்டரி வேலைநிறுத்தம் பற்றியது. அவர் என்ன சொல்கிறார் என்று எழுது.

அக்கா

ஏப்ரல் 1

அக்கா,

சுண்டுவிரல் பகுதியை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தாத்தா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். அப்புறம் இன்னொரு தடவை. பிறகு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். "அனுப்புன தாள்ல அஞ்சு விரலும் ஒண்ணாத்தான் இருக்கும்" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு. "யாரோ ஒருத்தன் நடுவுல மாத்தியிருக்கணும். அது யாருக்காவது கண்ணுல படும்னு அவன் நெனச்சிருக்க மாட்டான்." இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

ஐஸ் ஃபாக்டரி புத்தகத்தை அவன் பாதி படித்திருக்கிறான். தலைவர் மேடையில் பேசுகிற பக்கங்களை எல்லாம் தாண்டிப் போகிறானாம். ஐஸ் கட்டியைத் தூக்குபவர்களுக்கு விரல் மரத்துப்போகிற பக்கத்தை மட்டும் மடித்து வைத்திருக்கிறான்.

இங்கே நிலைமை சரியில்லை. எங்களோடு வேலையைப் பங்கு போட்டிருந்த இன்னொரு கம்பெனி பாதியில் கைவிட்டுவிட்டது. அவர்கள் பங்கும் எங்கள் தலையில். கீழ்த்தளத்தில் டைல்ஸ் கேட்லாக் வரைகிறவர்களை எல்லாம் கூட்டி வந்து உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பூவும் கட்டமும் வரையத் தெரியும், முகம் தெரியாது. மேசைக்கு அடியிலேயே தூங்குகிறோம். அப்படிச் சொல்வதுகூடப் பொய். படுக்கிறோம்.

தாத்தாவின் வலது மணிக்கட்டு வீங்கிப்போய் துணி சுற்றியிருக்கிறான். விரல் மடங்கவில்லை. மேனேஜரிடம் போனான். "ஐஸ் வை" என்றார் அவர். ஐஸ் எங்கே இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. இப்போது இடது கையால் வரைகிறான். காகிதம் நழுவாமல் நான் பிடித்துக்கொள்கிறேன், அப்புறம் என் தாளுக்குப் போகிறேன். சரிபார்க்க நேரமே கிடையாது. சரிபார்த்ததாக மூலையில் அடையாளம் மட்டும் போட்டு அனுப்புகிறோம்.

ஒரு உதவி செய். வரும் வாரம் எதைப் பார்த்தாலும் வாயைக் கட்டிக்கொள். உன் காத்திருப்பு அறையைக் கொஞ்ச நாள் பூட்டி வை. இதற்கு மேல் வெளிப்படையாக எழுத எனக்கு அனுமதி இல்லை, புரிந்துகொள்.

தம்பி

ஏப்ரல் 5

குச்சி,

உன் கடிதம் இன்னும் வரவில்லை, ஆனாலும் காத்திருக்கப் பொறுக்கவில்லை. ஒன்பதாவது எபிசோடைப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதா, அடி வாங்கினேன் என்று சொல்வதா!

என் லிஃப்ட்காரப் பெண்ணைக் கொன்றுவிட்டார்கள். கதையில் இல்லை, காகிதத்தில். ஒரு காட்சியில் கண் கன்னத்துக்கு இறங்கிவிட்டது. ஒரு காட்சியில் கழுத்தே இல்லை. கூட்டம் ஓடுகிறது, கால்கள் தரையில் படவில்லை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் அவள் தன் சொந்த அம்மாவைக் கீழே விட்டுவிட்டு நெம்புகோலை இழுக்கிற இடம். இந்தத் தொடரே அந்த ஒரு இழுப்புக்காக எழுதியது. கையைக் காட்டுகிறார்கள். எண்ணிப் பார்த்தேன். ஆறு விரல்.

உடனே எழுதினேன். நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்துப் போட்டு எழுதினேன். "இது கை இல்லை, யாரோ மாவு பிசைந்து பாதியில் விட்டுப் போனது" என்று ஆரம்பம். "ஆறாவது எபிசோடில் ஒரு சுண்டுவிரலால் நம்மை அழவைத்தவர்கள், ஒன்பதாவதில் ஒரு விரலை இலவசமாகத் தந்திருக்கிறார்கள்" என்று நடுவில். "இதை வரைந்தவர்களுக்கு அந்தப் பெண் மேலும் மரியாதை இல்லை, நம் மேலும் இல்லை. கூலிக்குக் கோடு போட்டிருக்கிறார்கள்" என்று முடிவு.

குச்சி, அது எங்கெங்கோ போய்விட்டது. ஆயிரக்கணக்கில் பகிர்கிறார்கள். அந்தத் தொடர் எடுக்கிற நாட்டுக்காரர்களே மொழிபெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். யார் யாரோ, "காத்திருப்பு அறை என்ன சொல்லுது?" என்று கேட்கிறார்கள். முப்பத்தொரு வயதில் முதல் தடவையாக நான் வாயைத் திறந்து ஒரு அறை முழுக்கத் திரும்பிப் பார்த்திருக்கிறது. கிளினிக்கில் கூட்டுகிற அம்மா, "என்ன பாப்பா, மூஞ்சியில லைட்டு எரியுது" என்றாள்.

தாத்தாவிடம் இதைச் சொல். அவருக்குப் பிடிக்கும்.

அக்கா

ஏப்ரல் 13

அக்கா,

உன் கடிதத்துக்கு முன்பே உன் கட்டுரை இங்கே வந்துவிட்டது. கதவுக்குப் பக்கத்தில், ஃபோன் டப்பாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். அந்த நாட்டுக்காரர்கள் மொழிபெயர்ப்போடு மூலத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். 'மாவு' வரி வந்ததும் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் நான் வரைந்த கைகளைப் பார்த்து இதையேதான் சொல்வாய்.

இனி ரகசியம் எதற்கு? அந்தக் கூலிக்காரர்கள் நாங்கள்தான். ஆறாவதும் நாங்கள்தான், ஒன்பதாவதும் நாங்கள்தான். ஆறாவதில் சுண்டுவிரலை வெளியே நிறுத்தியவன் தாத்தா. ஒன்பதாவதில் ஆறாவது விரலைப் போட்டவனும் தாத்தாதான், இடது கையால். காகிதத்தை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். நானும் எண்ணவில்லை.

மேனேஜர் எல்லோரையும் நிற்க வைத்தார். அந்தத் தாளை ஆட்டிக் காட்டி, "யாரு சரிபார்த்தது?" என்றார்.

"நான்தான் சார்" என்றான் தாத்தா.

"ஆறு விரல் உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியல சார்."

"தூங்கிட்டியா?"

"இல்ல சார். அதனாலதான் தெரியல."

யாரோ சிரித்துவிட்டார்கள். அதைத்தான் மேனேஜரால் தாங்க முடியவில்லை. ஆறு விரலைக்கூட மன்னித்திருப்பார். "உன் சாமானை எடு" என்றார். ஒரு மாடி நிறைய ஆட்கள் இருந்தோம். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவன் பெட்டி கட்ட நான் உதவி செய்தேன். ஒரு கையால் ஜிப் போட முடியவில்லை அவனுக்கு. "எழுதுனது உங்க அக்காதானே?" என்றான். எத்தனை தடவை உன் கடிதத்தை வாசிக்கக் கேட்டிருக்கிறான், நடை தெரியாதா. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "நல்லா எழுதியிருக்காங்கடா" என்றான். "மாவுன்னு படிச்சப்ப எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. கூலிக்குக் கோடு போட்டாங்கன்னு ஒரு வரி இருக்கு பாரு, அதுதான் கொஞ்சம்..." என்று இழுத்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான்.

இனி அந்தத் தொடரைப் பற்றி எனக்கு எழுதாதே.

தம்பி

ஏப்ரல் 20

தம்பி,

உன் ஒன்றாம் தேதிக் கடிதம், நான் என்னுடையதைத் தபாலில் போட்ட மறுநாள் வந்தது. படித்தவுடனேயே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஃபோன் கையில்தான் இருந்தது, அழிக்க ஒரு பொத்தான். எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. இது வேறு கம்பெனியாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட இரண்டு நாள் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகிறேனே என்று நினைத்தேன். அந்த இரண்டு நாளில்தான் அது உங்கள் சுவருக்கு வந்திருக்கிறது.

ஆனால் நானும் கேட்கிறேன். ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா? "அக்கா, அது நாங்க போடுறது" என்று நாலு வார்த்தை! அம்மாவிடம் சளியைப் பற்றிப் பேசிய ஒரு மணி நேரத்தில் இருமுவது போலவாவது சொல்லியிருக்கலாம். கையெழுத்துப் போட்டாய், சரி. அந்தக் காகிதத்துக்கு நீ இவ்வளவு பயந்தால் அவர்கள் ஏன் உங்களை மேசைக்கடியில் படுக்க வைக்க மாட்டார்கள்? நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆறு விரலைப் பார்த்து ஐந்து என்று எழுதியிருக்க வேண்டுமா?

இதை எழுதிவிட்டுக் கோபம் தணிந்து உட்கார்ந்திருக்கிறேன். உன் மேல் இல்லை. யார் மேல் என்று தெரிந்தால் எழுந்துபோய் அடித்துவிட்டு வருவேன். அந்த மேனேஜருக்கு மேலே ஒருவர் இருப்பார். அவருக்கு மேலே இன்னொருவர், வேறு நாட்டில். அவருக்கு மேலே யார்? வாரா வாரம் எபிசோடு வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிற நான்.

கட்டுரையை அழித்துவிட்டேன். பயனில்லை. அந்தக் கையை வெட்டி எடுத்து, கீழே என் மாவு வரியைப் போட்டு, காலை வணக்கம் சொல்ல அனுப்புகிறார்கள். அம்மாவின் ஃபோனுக்கே வந்தது. சிரித்தாள்.

உன் பெயர் வராமல் இன்னொன்று எழுதினேன். வரைகிறவர்கள் எப்படி வரைகிறார்கள், எத்தனை நாளில், எந்தக் கையால். சரியாக எழுதினேன் என்றுதான் நினைக்கிறேன். பத்துப் பேர் படித்திருப்பார்கள். ஒருவன், "கம்பெனி எவ்வளவு குடுத்துச்சு?" என்கிறான். இன்னொருவன், "பாவம் பாக்க ஆரம்பிச்சா நல்ல படம் எப்ப பாக்குறது?" என்கிறான். போன மாசம் நானே சொல்லியிருக்கக்கூடிய வரி அது.

உங்கள் கம்பெனிக்கு எழுதட்டுமா? கட்டுரை எழுதியது நான், தப்பு அவருடையது இல்லை, கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று. விலாசம் அனுப்பு. தாத்தாவின் விலாசமும். அவருக்கு நான் எழுத வேண்டும். என்ன எழுதுவேன் என்று தெரியவில்லை. 'அன்புள்ள தாத்தாவுக்கு' என்றா ஆரம்பிப்பது? அவர் என்னைவிடச் சின்னவர்.

அக்கா

மே 3

அக்கா,

கம்பெனிக்கு எழுதாதே. என் அக்கா என்று சொன்னால், நான் வெளியே பேசினேன் என்று என்னையும் அனுப்பிவிடுவார்கள், அபராதமும் போடுவார்கள். என் அக்கா என்று சொல்லாவிட்டால் நீ யார்? கடிதம் போட்ட இன்னொரு ரசிகை. அதையும் மொழிபெயர்த்துச் சுவரில் ஒட்டுவார்கள்.

அதைவிட மோசமான ஒன்று. தாத்தாவின் நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். மேனேஜர் கூப்பிட்டு, "நாளையிலருந்து நீ பாரு" என்றார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரி சார்" என்று வந்தது. இப்போது எல்லாத் தாளிலும் விரலை எண்ணுகிறேன். கண் மூடினாலும் எண்ணுகிறேன். மற்றவர்களை அவசரப்படுத்துகிறவனும் நானே. நேற்று டைல்ஸ்காரர்களில் ஒருத்தியிடம், "இதைக்கூடப் பாக்க மாட்டீங்களா?" என்று கத்தினேன். மேனேஜர் குரல் அப்படியே எனக்கு வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை தாத்தாவைப் பார்க்கப் போனேன். அவன் சித்தி மகன் அறையில் இருக்கிறான். லாரி ஷெட்டுக்கு மேலே, ஒரு ஜன்னல். டீ டம்ளரை வலது கையால் பிடிக்க முடியவில்லை. கடைப் பலகை எழுதுகிற இடத்தில் வேலை கேட்டிருக்கிறான். பிரஷ்ஷைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, "கை சரியானதும் வாப்பா" என்று மரியாதையாக அனுப்பிவிட்டார்களாம். அரசு ஆஸ்பத்திரியில் காட்டினான். நரம்பு நசுங்கியிருக்கிறதாம், அறுத்து விடுவிக்க வேண்டுமாம், தள்ளிப்போட்டால் விரலில் உணர்ச்சி போய்விடுமாம். ஆனால் அங்கே வரிசை நீளம், தேதியே அடுத்த வருஷத்துக்குத்தான் தருகிறார்கள். கம்பெனியில் கேட்டால், "தாள் கணக்குல வேலை பாத்தவங்க, எங்க ஊழியர் இல்ல" என்கிறார்கள்.

உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கிறாயா? கை பார்க்கிற டாக்டர் யாரையாவது அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும், வரிசையில் கொஞ்சம் முன்னால் போகலாம். பல்லுக்கும் கைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஒரு டாக்டருடைய கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் நீதான்.

நீ எழுதக் கேட்டதைச் சொன்னேன். "மன்னிப்பெல்லாம் வேணாம்டா. நாவல் இருந்தா அனுப்பச் சொல்லு" என்றான். "இப்ப நேரம் நெறைய இருக்கு. நடுவுல குடைக்காரன் வந்தாலும் பரவால்ல, படிச்சுடுவேன்."

விலாசம் பின்பக்கத்தில்.

தம்பி

மே 12

குச்சி,

மூன்று புத்தகம் அனுப்பியிருக்கிறேன். எடை குறைந்தவையாகப் பார்த்து எடுத்தேன். கனமான அட்டை என்றால் ஒரு கையில் பிரித்துப் பிடிக்க முடியாதே. இருபது வருஷமாகப் புத்தகம் படிக்கிறேன், ஒரு புத்தகத்தைக் கையில் தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது இதுதான் முதல் தடவை. கடிதமும் வைக்கலாம் என்று நாலைந்து முறை ஆரம்பித்தேன். எந்த வரி எழுதினாலும் நன்றாக இருந்தது. அதுதான் பிடிக்கவில்லை. கிழித்துவிட்டேன்.

தொடர் முடிந்துவிட்டது. நீ எழுதாதே என்று சொன்னாய், எழுத எனக்கும் ஒன்றும் இல்லை. போட்டுப் பார்த்தேன். கதை தெரியவில்லை. யாரோ காகிதத்தை நழுவாமல் பிடித்துக்கொண்டிருப்பதுதான் தெரிகிறது. வேறொரு தொடரைப் போட்டேன், அதிலும் அதுவேதான். காத்திருப்பு அறைக்கு வருகிறவர்கள், "அடுத்து யாரைக் கிழிக்கப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

டாக்டரிடம் கேட்டேன். மூன்று நாள் தயங்கி, அவர் நல்ல மனநிலையில் இருக்கிற நேரம் பார்த்துப் போனேன். ஒருவருக்கு மரப்பு ஊசி போட்டுவிட்டு, அது ஏறுவதற்காகக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"சார், ஒரு உதவி."

"லீவா?"

"இல்ல சார். தெரிஞ்சவரு ஒருத்தருக்கு மணிக்கட்டுல நரம்பு நசுங்கியிருக்கு. ஆபரேஷன் பண்ணணுமாம். உங்களுக்குத் தெரிஞ்ச கை டாக்டர் யாராவது..."

"யாரு, சொந்தமா?"

என்னவென்று சொல்வது? நான் பார்த்ததே இல்லை. "தம்பியோட ஃப்ரெண்டு சார்" என்றேன்.

"என்ன பண்றாரு?"

"அனிமேக்குப் படம் வரையறாரு சார். கார்ட்டூன் மாதிரி."

"அட! என் பையன் நாள் பூரா அதுலதான் கெடக்கான். அதையெல்லாம் ஆளுங்களா வரையறாங்க? நான் என்னவோ கம்ப்யூட்டரே போட்டுடுதுன்னு நெனச்சேன்." நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். கெட்டவர் இல்லை. ஒரு நிமிஷம் யோசிக்கவும் செய்தார், யாருடைய பெயரோ நாக்கு நுனி வரை வந்தது போல இருந்தது. நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"கை நரம்புக்கெல்லாம் நம்மகிட்ட என்னம்மா இருக்கு? பல்லு வலிச்சா வரச் சொல்லு. ஃபீஸே வேணாம், நானே பாத்துடறேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நர்ஸ் சிரித்தாள். நாற்காலியில் பாதி முகம் மரத்துக் கிடந்தவர்கூட மீதிப் பாதியால் சிரித்தார். டாக்டர் சிரித்தால் சிரிப்பதும் என் வேலையில் சேர்ந்தது. நானும் சிரித்தேன். நல்ல சத்தமாகவே வந்தது, குச்சி. அப்புறம் வெளியே வந்து என் மேசையில் உட்கார்ந்து அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

அக்கா